‘பின்னே’ என்ற நிரல்

வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு விஜி பஜார் ரோட்டில் ஆட்டோவை விட்டு இறங்கியபோது மழை ஓய்ந்திருந்தது. துலா மாதத்து மழை. ஓய்ந்தது என்று நம்பிக் குடையை மடக்க முடியாது. வானம் கிடங்குகளின் ஓட்டுக் கூரையைத் தொடுகிற மாதிரித் தாழ்ந்து கிடந்தது.

மட்டாஞ்சேரியில் நாலைந்து மசாலாக் கிடங்குகளின் கம்ப்யூட்டர்களை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். ஏதாவது நின்றுபோனால் கூப்பிடுவார்கள்; வந்து சரிசெய்துவிட்டுப் போவாள். சுள்ளிக்கல் லைன் வீட்டில் பிறந்தவள். அப்பா சுடலைமுத்து கார்ப்பரேஷன் துப்புரவுத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். மலையாளப் பள்ளியில் படித்து, பாலிடெக்னிக் முடித்து, முப்பத்துநாலு வயதில் அந்தத் தெரு முழுக்க ‘கம்ப்யூட்டர் விஜி’ என்று பெயர் வாங்கியிருந்தாள்.

கம்பெனி வாசலைத் தாண்டியதும் மூன்றாம் கிடங்கின் கதவில் சிவப்பு அட்டை தொங்குவதைப் பார்த்தாள். உள்ளே மருந்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மிளகிலும் சுக்கிலும் பூச்சி விழாமலிருக்க, மூட்டைகளைத் தார்ப்பாயால் இறுக மூடி அடியில் மாத்திரைகளை வைப்பார்கள். காற்றின் ஈரம் பட்டதும் அந்த மாத்திரைகளிலிருந்து வாயு கிளம்பும். பூச்சியைக் கொல்லும் வாயு. மனிதர்களையும் கொல்லும்.

அடுத்த அறையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சுக்கு தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பதினோரு பேர். அவர்களில் கற்பகம் நிமிர்ந்து பார்த்தாள். விஜியின் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருப்பவள். அவளுடைய புருஷன் பிச்சைமணி இதே கம்பெனியில் வாட்ச்மேனாக இருந்து, போன வருஷம் ஓணத்துக்கு முந்தின நாள் இந்த அறையிலேயே இறந்துபோனவர். நெஞ்சு வலி என்றார்கள். காரியம் முடிந்த கையோடு மேனேஜர்தான் கற்பகத்தைக் கூப்பிட்டு வேலை போட்டுக் கொடுத்தார்.

“என்ன மதினி, சாயா குடிச்சாச்சா?” என்றாள் விஜி.

“எங்க குடிக்க. காலைலேருந்து தலை இடிக்கி. பக்கத்துல இருக்க மாயம்மாளும் அதையேதான் சொல்லுதா. மழைக்குப் பித்தம் ஏறிருக்கும்.”

“ஒரு குளிகை வாங்கிப் போடுங்க” என்று சொல்லிவிட்டு விஜி மாடிப்படி ஏறினாள்.

மேலே ஆபீஸ் அறையின் மூலையில் அந்தச் சின்னப் பெட்டி இருந்தது. திரையும் கிடையாது, விசைப்பலகையும் கிடையாது. உள்ளே ஓடுவது ஃப்ரீபிஎஸ்டி, யூனிக்ஸ் வகைச் சிஸ்டம். அதற்கு ஒரே வேலை. தரம் பிரிக்கும் அறைச் சுவரில் மாட்டியிருக்கிற வாயு அளவுமானியைப் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை படிக்கும். அளவு பூஜ்யம் புள்ளி மூன்றைத் தாண்டினால் நாலு பேருக்கு அஞ்சல் அனுப்பும். மேனேஜர், முதலாளி, மருந்து வைக்கிற கான்ட்ராக்டர், பாதுகாப்பு ஆலோசகர். சிஸ்டம் பழசாகிவிட்டது, புதுப்பித்தே ஆக வேண்டும் என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் கடிதம் எழுதியிருந்தார்கள். அதற்காகத்தான் இன்று வந்திருந்தாள்.

தன் மடிக்கணினியை இணைத்துப் புதுப்பிக்கும் வேலையைத் தொடங்கினாள். அரைமணி நேரம் தடங்கலில்லாமல் ஓடியது. பெட்டி நின்று, மறுபடி எழுந்தது. பிறகு ஒரு இடத்தில் நின்று கேள்வி கேட்டது. இன்ன கோப்பு இங்கே மாற்றப்பட்டிருக்கிறது. பழையதை வைத்துக்கொள்வதா, புதியதை எடுத்துக்கொள்வதா?

கோப்பின் பெயர் மெயிலர்.கான்ஃப்.

இந்த வகைச் சிஸ்டத்தில் எந்த நிரல் அஞ்சல் அனுப்ப நினைத்தாலும் ‘சென்ட்மெயில்’ என்ற பெயரைத்தான் கூப்பிடும். அந்தப் பெயருக்கு உண்மையில் எந்த நிரல் எழுந்து வர வேண்டும் என்பதை அந்தக் குட்டிக் கோப்பு தீர்மானிக்கும். கூப்பிடுகிற நிரலுக்கு அது தெரியாது. ‘வாங்கிக்கொண்டேன்’ என்று பதில் கிடைத்தால் போதும், தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். சிஸ்டத்தின் புதிய பதிப்பில் அஞ்சல் நிரலையே மாற்றியிருந்தார்கள். பழையதை எடுத்துவிட்டுச் சின்னதாக வேறொன்றை வைத்திருந்தார்கள். அதனால்தான் கேள்வி.

விஜி பழைய வரியைப் பார்த்தாள். சென்ட்மெயில் என்ற பெயருக்கு எதிரே, சிஸ்டத்தோடு வந்த எந்த நிரலும் இல்லை. ‘பின்னே’ என்று இருந்தது.

அதைப் பார்த்ததும் அவளுக்குக் காது இரண்டும் அடைத்த மாதிரி ஆயிற்று. அது அவள் எழுதியது.

போன வருஷம் சிங்க மாதம், ஓணத்துக்கு மூன்று வாரம் முன்பு. மேனேஜர் வெங்கிடேஸ்வரன் திருப்பூணித்துறையிலிருந்து போன் பண்ணினார். பாலக்காட்டுக்காரர், முப்பது வருஷமாக இந்தக் கம்பெனியில் இருக்கிறவர், கோபப்பட்டு விஜி பார்த்ததில்லை.

“விஜி, கேட்டியோ, நாளைக்குக் காலம்பற என் பொண்ணு தன்யாவுக்கு முகூர்த்தமாக்கும். இந்த ஃபோன் ரெண்டு நாளா நிறுத்தாம மணி அடிச்சிண்டிருக்கு. மழையில நனைஞ்சு அந்த மீட்டர் பொய் சொல்றது. குடோன்ல மருந்தே வைக்கலை, எங்கேர்ந்து கேஸ் வரும்? ஒரு ரெண்டு நாளைக்கு இதை நிறுத்தித் தா. கல்யாணம் கழிஞ்சு புது மீட்டர் மாட்டிக்கலாம்.”

அஞ்சலை அடியோடு நிறுத்த அவளுக்கு மனசு வரவில்லை. வீட்டிலிருந்தபடியே பெட்டிக்குள் நுழைந்து நாலு வரியில் ஒரு நிரல் எழுதினாள். வருகிற அஞ்சலை வாங்கு, ஒரு உறைக்குள் போடு, போய்விட்டது என்று பதில் சொல், முடி. எதுவும் தொலையாது, பிறகு அனுப்பிக்கொள்ளலாம். அதனால்தான் மலையாளத்தில் ‘பின்னே’ என்று பெயர் வைத்தாள். மெயிலர்.கான்ஃபில் ஒரு வரியை மாற்றினாள். பத்து நிமிஷ வேலை.

மூன்றாம் நாள் அவள் அப்பா குளியலறையில் மயங்கி விழுந்தார். பதினோரு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு ‘பின்னே’ அவள் ஞாபகத்திலேயே இல்லை. மேனேஜரும் கேட்கவில்லை. புது மீட்டர் மாட்டியிருந்தார்கள், ஃபோன் அடிக்கவில்லை; மீட்டர் நன்றாக வேலை செய்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு இந்தப் பதினாலு மாதத்தில் அவள் இரண்டு தடவை இங்கே வந்திருக்கிறாள். பிரிண்டர் சரிபார்க்க ஒரு தடவை, கேமரா மாற்ற ஒரு தடவை. மூலையில் இருந்த இந்தப் பெட்டியை ஏறிட்டும் பார்க்கவில்லை.

உறையைத் திறந்தாள். ஆயிரத்து நூற்று அறுபத்து மூன்று அஞ்சல்கள்.

‘நல்லவேளை, ஒண்ணும் தொலையல’ என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு, பதினாலு மாதமாக இந்தப் பெட்டி ஆளில்லாத அறையில் வாய் ஓயாமல் கத்திக்கொண்டிருந்திருக்கிறது என்பது உறைத்தது. மேலே இருந்ததெல்லாம் கல்யாண நாளின் பொய்க் கத்தல்கள். புள்ளி நாலு, புள்ளி அஞ்சு. அப்புறம் மூன்று வாரம் ஒன்றுமே இல்லை. அப்புறம் ஒரே நாளில் வரிசையாக முப்பத்தேழு.

அந்தத் தேதியைக் காலண்டரில் பார்க்க வேண்டிய தேவை அவளுக்கு இருக்கவில்லை. உத்திராடம். ஓணத்துக்கு முந்தின நாள். ஊர் முழுக்கக் கடைத்தெருவில் நின்ற நாள். விடுமுறையில் ஆளிருக்க மாட்டார்கள் என்று அன்று காலையில்தான் மூன்றாம் கிடங்கில் மருந்து வைத்தார்கள். பிச்சைமணி மட்டும் காவலுக்கு இருந்தார். வாட்ச்மேன் கூண்டில் ஃபேன் கெட்டுப்போயிருந்ததால் தரம் பிரிக்கும் அறை பெஞ்சில் போய்ப் படுத்தார் என்று அப்போது பேசிக்கொண்டார்கள்.

முதல் அஞ்சல் மதியம் இரண்டு பத்து. அளவு ஒன்று புள்ளி இரண்டு. இரண்டு இருபதுக்கு மூன்று. இரண்டு முப்பதுக்கு ஏழு. விஜி கீழே கீழே தள்ளிக்கொண்டு போனாள். பத்தொன்பது. முப்பத்திரண்டு. நாற்பத்தொன்று. ஐந்து நாற்பதுக்கு ஐம்பத்தெட்டு. இரவு எட்டு பத்தோடு வரிசை நின்றது.

அந்த ஒரு வரியை அவள் திருப்பி மாற்றியிருந்தால், மேனேஜரின் ஃபோன் அன்று முப்பத்தேழு தடவை அடித்திருக்கும். முதல் தடவையிலேயே அவர் பிச்சைமணியைக் கூப்பிட்டு, ‘வெளியில போய் நில்லுப்பா’ என்று சொல்லியிருப்பார். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

அதற்குப் பிறகும் மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாக இருந்தன. மருந்து வைத்த நாட்களிலெல்லாம் இருந்தன. அவள் கடைசிக்குப் போனாள். கடைசி அஞ்சலில் இன்றைய தேதி. எட்டு ஐம்பதுக்குப் புள்ளி ஆறு. ஒன்பது நாற்பதுக்கு ஒன்று புள்ளி ஒன்று. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பட்டியலின் அடியில் புதிதாக ஒன்று வந்து உட்கார்ந்தது. பத்து இருபது. நாலு புள்ளி இரண்டு.

விஜி நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கீழே ஓடினாள்.

“எல்லாரும் எழுந்து வெளிய வாங்க! மதினி, எழுந்திரிங்க!”

பெண்கள் அண்ணாந்து பார்த்தார்கள். யாரும் அசையவில்லை.

“என்னட்டி, தீயா பிடிச்சிருக்கு?” என்றாள் கற்பகம்.

“கேஸ் வருது மதினி. மூணாவது குடோன்லேருந்து. வேகம் வாங்க, சுக்கையெல்லாம் அப்படியே போடுங்க.”

“அது எப்பவும் வரும் இந்த நாத்தம். பூண்டு நாத்தம்” என்று ஒருத்தி சொன்னாள். சுக்கின் காரநெடியிலும் தெருவின் மீன் வாடையிலும் அந்த நாற்றத்தைத் தனியாகப் பிரித்து யார் பார்த்தார்கள்? விஜி கற்பகத்தின் கையைப் பிடித்து இழுத்தாள். ஒருத்தி எழுந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். மழை மறுபடி பிடித்திருந்தது. சுக்குத் தூசி படிந்த முகங்களோடு பதினோரு பேரும் ரோட்டில் நனைந்துகொண்டு நின்றார்கள். வயசான மாயம்மாள் ஓடையோரம் குந்தி வாந்தியெடுத்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள், கால் மடங்கி அப்படியே சரிந்தாள்.

அவளை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக் கற்பகம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். கான்ட்ராக்டரின் ஆள் அனூப் முகமூடி மாட்டிக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தான். இரண்டு அறைக்கும் நடுச்சுவரில் உயரத்தில் ஒரு பழைய காற்றுத் துவாரம். பிளாஸ்டிக் தாளை ஒட்டி அதை அடைத்திருந்தார்கள். ஈரத்தில் பசை விட்டுத் தாள் தொங்கிக்கொண்டிருந்தது.

“எல்லா மழைக்கும் இது இளகிடும் சேச்சி” என்றான் அனூப். “ஆனா மீட்டர் மெசேஜ் ஒண்ணும் வரல்லயே. வந்திருந்தா நாங்க உடனே வந்திருப்போம்.”

விஜி மாடிக்குப் போனாள்.

வெங்கிடேஸ்வரன் வரும்போது பன்னிரண்டு ஆகிவிட்டது. மாயம்மாளைப் பற்றி விசாரித்தார், மற்றவர்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பச் சொன்னார், துவாரத்தைச் செங்கல் வைத்தே கட்டிவிடலாம் என்றார். அப்புறம்தான் விஜியின் முகத்தைப் பார்த்தார். அவள் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். சுருக்கமாகச் சொன்னாள். நாலு வரி, ஒரு பெயர், ஒரு உறை, முப்பத்தேழு அஞ்சல்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். அந்த நாளின் பட்டியலை இரண்டு தடவை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

“நான் உன்கிட்ட ரெண்டு நாள்னுதானே சொன்னேன்” என்றார்.

“ஆமா சார். நான் மறந்துட்டேன்.”

“நானும் கேக்கலை.” மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பித் தள்ளினார். “ஆருக்கெல்லாம் தெரியும்?”

“நம்ம ரெண்டு பேருக்கும்தான்.”

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். சாத்திவிட்டு அங்கேயே நின்றார். குரல் எப்போதும்போல மெதுவாகத்தான் இருந்தது. 

“கேளு விஜி. பிச்சைமணி போயாச்சு. அவனை இது கொண்டு வரப்போறதில்லை. ஹார்ட்டுன்னு டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கார். இது வெளியில போனா நாளைக்கே கம்பெனியைப் பூட்டிடுவா. அந்தப் பதினோரு பேரும் எங்க போவா? கற்பகம் எங்க போவா? என்னை விடு, நான் வயசானவன். நீ? அந்தக் கோப்புல ஆரோட பேர் இருக்கு?”

“என் பேர்தான்.”

“மனசிலாச்சோ? புதுசா மெயில் போறதுக்கு வழியைப் பண்ணு. இனிமே ஒண்ணுகூடத் தவறப்படாது. பழசை அழிச்சுடு. நான் சாப்பிட்டுட்டு வரேன்.” கதவைத் திறந்தவர் திரும்பிப் பார்த்தார். “வரும்போது அது இருக்கப்படாது.”

படியில் அவருடைய செருப்புச் சத்தம் இறங்கிப் போயிற்று.

விஜி முதலில் மெயிலர்.கான்ஃபைத் திருத்தினாள். ‘பின்னே’யை எடுத்துவிட்டுப் புதிய நிரலின் பெயரை எழுதினாள். சோதனை அஞ்சல் ஒன்றைத் தனக்கே அனுப்பினாள். அடுத்த நொடி அவள் ஃபோன் அடித்தது. பதினாலு மாதம் அடைத்துக் கிடந்த வழி, ஒரு வரியில் திறந்துவிட்டது.

உறை அப்படியே இருந்தது. அழிக்கிற கட்டளையைத் தட்டினாள். கடைசி விசையை மட்டும் அழுத்தவில்லை. விரல் அதன்மேலேயே இருந்தது. அவர் சொன்னதில் எது பொய்? ஒன்றும் பொய்யில்லை. அப்பாவின் மருந்தை நினைத்தாள், இந்தத் தெருவில் தனக்கு இருக்கிற பெயரை நினைத்தாள், போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சை நினைத்தாள். அழுத்திவிடுவோம் என்றே முடிவு பண்ணினாள்.

ஃபோன் அடித்தது. கற்பகம்.

“விஜி, மாயம்மாளுக்குக் குளுக்கோஸ் ஏத்துதாங்க. பேடிக்க வேண்டாம், உசுருக்கு ஒண்ணுமில்லங்காரு டாக்டர். என்ன கேஸு, எம்புட்டு இருந்துச்சின்னு கேக்காரு. அந்த மெஷினப் பாத்துச் சொல்லுதியா?”

விஜி மருந்தின் பெயரைச் சொன்னாள். நாலு புள்ளி இரண்டு என்றாள். கற்பகம் அதை அந்தப் பக்கம் யாரிடமோ மெதுவாகச் சொல்வது கேட்டது.  வைத்துவிட்டாள் என்று நினைத்தபோது மறுபடி குரல் வந்தது.

“அந்த மெஷினு எப்பவும் இதெல்லாம் எழுதி வைக்குமா?”

“வைக்கும் மதினி.”

“அன்னைக்கும் வச்சிருக்குமா?”

விஜி திரையைப் பார்த்தாள். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

“அன்னைக்கும் வச்சிருக்கு” என்றாள். “நான் அங்க வாரேன். வந்து சொல்றேன்.”

தட்டி வைத்திருந்த கட்டளையை எழுத்து எழுத்தாக அழித்தாள். வேறொன்றைத் தட்டினாள். உறையிலிருக்கிற ஒவ்வொரு அஞ்சலையும், பழசிலிருந்து தொடங்கி, புதிய நிரலிடம் கொடு. விசையை அழுத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் கீழே வாசல் பக்கமிருந்து ஒரு மணிச் சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் விடாமல். அது படியேறி வந்தது. வெங்கிடேஸ்வரன் கதவருகே வந்து நின்றபோது அவருடைய உள்ளங்கையில் ஃபோன் மின்னி மின்னி அடித்துக்கொண்டிருந்தது. சாப்பாட்டைப் பாதியில் விட்டு வந்திருக்க வேண்டும். வலது கை இன்னும் கழுவவில்லை.

“நிறுத்து விஜி.”

“போயாச்சு சார்.”

“நிறுத்துன்னு சொல்றேனில்லே?”

“இனி நிறுத்த முடியாது சார். நாலு பேருக்கும் போயாச்சு.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஃபோனை அணைக்க அவருக்குத் தோன்றவில்லை. அது மேஜைமேல் அடித்துக்கொண்டே இருந்தது. விஜி பையை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போதும் கேட்டது, வாசலைத் தாண்டும்போதும் கேட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துக் கற்பகத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை, மறந்தது தான் என்பதையும், அழிக்க இருந்ததையும்கூடச் சொன்னாள்.  கற்பகம் சுக்குத் தூசி ஒட்டியிருந்த கையைச் சேலையில் திரும்பத் திரும்பத் துடைத்தாள். பிறகு எழுந்து மாயம்மாளின் கட்டிலுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பின் நடந்ததெல்லாம் மேனேஜர் சொன்னபடியேதான் நடந்தது. கிடங்குக்குச் சீல் வைத்தார்கள். பதினோரு பெண்களுக்கும் வேலை போயிற்று. போலீஸ் கேஸில் முதல் பெயர் விஜியுடையது, இரண்டாவது வெங்கிடேஸ்வரனுடையது. இரண்டு நாளைக்கு மட்டும் நிறுத்தச் சொன்னதை அவர் ஒப்புக்கொண்டார். அழிக்கச் சொன்னதை இல்லை என்றார். அவள் எழுதிய நாலு வரியையும் அச்சடித்து, தேதியும் பெயரும் வட்டமிட்டு, கேஸ் கட்டில் வைத்தார்கள். பிச்சைமணியின் உடம்பை அப்போதே எரித்துவிட்டதால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று வக்கீல்கள் பேசிக்கொண்டார்கள்.

விஜிக்கு இன்னொன்றும் தெரியவந்தது. அன்று அனுப்பிய அஞ்சல்களில் ஒரு பங்கு திரும்பி வந்திருந்தது. பாதுகாப்பு ஆலோசகரின் முகவரி இரண்டு வருஷத்துக்கு முன்பே மூடப்பட்டிருந்தது. அதைச் சொன்னால் தன்மேலுள்ள பழி கொஞ்சம் குறையுமோ என்று விஜி யோசித்ததுண்டு. யாரிடமும் சொல்லவில்லை. மற்ற மூன்று முகவரியும் உயிரோடுதான் இருந்தன.

தெருவில் யாரும் அவளைக் கம்ப்யூட்டர் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. லைன் வீட்டில் பெண்கள் அவளைக் கண்டால் குழாயடியிலிருந்து குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். “ஏட்டி, நீ சொல்லாம இருந்திருந்தா யாருக்குத் தெரியும்?” என்று சுடலைமுத்து ஒரே ஒரு தடவை கேட்டார். மகள் பார்த்த பார்வைக்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை.

இருபது நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், கற்பகம் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். தண்ணீர் வேண்டாம் என்றாள்.

“அந்த லெட்டர் உன்கிட்ட இருக்கா? அன்னைக்கு உள்ளது?”

“இருக்கு மதினி.”

“எனக்கு வாசிக்கத் தெரியாதுல்லா. நீ வாசி.”

விஜி ஃபோனை எடுத்தாள்; அன்றே உறையை அதில் பிரதி எடுத்து வைத்திருந்தாள். முதல் அஞ்சலைத் திறந்தாள். 

“ரெண்டு பத்து. ஒண்ணு புள்ளி ரெண்டு.”

“ரெண்டு பத்துக்கு நான் வாழக்கா வாங்கிட்டு நின்னேன்” என்றாள் கற்பகம். “சரியான கூட்டம். அடுத்தது.”

“ரெண்டு இருபது. மூணு.”

“பஸ்ஸுக்கு நின்னேன்.”

ஒவ்வொரு நேரத்துக்கும் அவளிடம் ஒரு பதில் இருந்தது. பஸ்ஸில் இடம் கிடைத்தது. வீட்டுக்கு வந்தாள். அடுப்பில் எண்ணெய் வைத்தாள். வாழைக்காய் உப்பேரி வறுத்தாள், முதல் ஈடு கருகிப்போனது. விஜி எண்களைப் படித்துக்கொண்டே போனாள். ஏழு, பத்தொன்பது, முப்பத்திரண்டு. கற்பகத்தின் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

“நாலரை மணி. நாப்பத்தொண்ணு.”

கற்பகம் நிமிர்ந்து அந்த ஃபோனைப் பார்த்தாள்.

“நாலரைக்கு நான் அவருக்கு ஃபோன்ல விளிச்சேன். வரும்போது சர்க்கரை வாங்கிட்டு வாங்கன்னு சொல்லத்தான் எடுத்தேன்னு நெனச்சுட்டு இருந்தேன். இல்ல. சும்மாதான் விளிச்சேன். மணி அடிச்சுட்டே இருந்துச்சு. ஒறங்குதாருன்னு வச்சுட்டேன்.”

விஜி ஃபோனின் திரையைக் கவிழ்த்துப் பிடித்தாள். அப்படியே மடியில் வைத்தாள்.

“ஏன் நிறுத்திட்ட? இன்னும் எத்தன இருக்கு?”

“இருபத்திரெண்டு.”

“வாசி.”

எட்டு பத்து வரைக்கும் விஜி படித்தாள். முடிந்ததும் கற்பகம் எழுந்து சேலை மடிப்பை உதறிச் சரிசெய்துகொண்டாள். வாசல்வரை போனவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

“நாளைக்கு ஸ்டேஷன்ல என்னையும் வரச் சொல்லிருக்காங்க. நீ இதே போல அங்கயும் வாசிக்கணும். ஒண்ணு விடப்படாது. உன் பேரையும் விடப்படாது.”

“விட மாட்டேன் மதினி.”

கற்பகம் செருப்பை மாட்டிக்கொண்டு தன் வீட்டைப் பார்க்க நடந்தாள். தெருவில் நின்றிருந்த பெண்கள் அவள் முகத்தைப் பார்த்து எதுவும் கேட்காமல் ஒதுங்கி வழிவிட்டார்கள்.